பால்புதுமையர் வாழ்வியல் இதழ் ஒன்றை உருவாக்குவது: முதல் கூட்டத்திலிருந்து மூன்றாம் இதழ் வரை

பால்புதுமையருக்காக, அதாவது தன் பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொள்ளும் தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோருக்காக, புதிதாக இதழ் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஓர் இலச்சினையோடு வருகிறார்கள். பெயர் முடிவாகியிருக்கும், அட்டைப்படம் மனத்தில் இருக்கும், சமூக ஊடகக் கணக்குகூடத் திறந்திருப்பார்கள். அட்டையில் வரப்போகிறவரிடம் எதற்கெல்லாம் சம்மதம் வாங்கினீர்கள், அவருடைய உண்மைப் பெயரை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மௌனம்தான் பதில்.

வேறு எந்த வாழ்வியல் இதழிலும் ஒரு தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். இங்கே ஒரு தவறான படம் ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடும், வேலையைப் பறித்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் ஆள்களின் பாதுகாப்பு முதலில் வருகிறது, அழகு பின்னால் வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: தொடர்ந்து வேலை செய்யக்கூடிய நான்கைந்து பேர், அவர்களில் ஒருவராவது வெளிப்படையாகத் தன் பெயரைப் போடத் தயாராக இருப்பவர், உங்கள் நாட்டின் ஊடகச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர், மூன்று இதழ்களுக்கான அச்சுச் செலவு. மூன்று என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் இதழ் உற்சாகத்திலேயே விற்றுவிடும். இரண்டாவதை நண்பர்கள் வாங்குவார்கள். மூன்றாவதில்தான் உண்மையான வாசகர் யார் என்று தெரியும். அதுவரை பணம் தாங்க வேண்டும்.

1. சட்டத்தை முதலில் பாருங்கள்

இது சலிப்பான வேலை, ஆனாலும் இதுதான் முதல் படி. ரஷ்யாவில் 2013இல் வந்த தன்பாலீர்ப்புப் ‘பரப்புரை’ தடைச்சட்டம் சிறாரை முன்வைத்துத் தொடங்கி, 2022 டிசம்பரில் எல்லா வயதினருக்கும் விரிவாக்கப்பட்டது. உகாண்டாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதையே’ குற்றமாக்குகிறது. இப்படிப்பட்ட இடங்களில் இதழ் நடத்துவதே வழக்கில் கொண்டுபோய் விடும்.

தன்பாலீர்ப்பு உறவு குற்றமில்லை என்று ஆகிவிட்ட நாடுகளிலும் ஆபாசத் தடைச்சட்டம், அவதூறுச் சட்டம், பத்திரிகைப் பதிவு விதி ஆகிய மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. மூன்றையும் பற்றி வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டது நெருக்கடி வரும்போது உதவாது.

பல நாடுகளில் வெளியீட்டாளர், அச்சிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இதழில் இருந்தாக வேண்டும். அதனால்தான் குழுவில் ஒருவராவது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றேன். மற்றவர்கள் புனைபெயரில் வேலை செய்யலாம். அந்த ஒருவரின் வீட்டு முகவரி அச்சில் போகாதபடி அலுவலக முகவரியோ அஞ்சல் பெட்டி எண்ணோ விதி அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. யாருக்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘எல்லாருக்கும்’ என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி உட்காருங்கள். நங்கை (பெண்ணை விரும்பும் பெண்), நம்பி (ஆணை விரும்பும் ஆண்), ஈரர் (இரு பாலினரிடமும் ஈர்ப்புள்ளவர்), திருநர் (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்டவர்), ஊடுபாலினர் (ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர்) ஆகிய எல்லாரையும் ஒரே பெயருக்குக் கீழே சேர்க்கிறோம். ஆனால் அவர்களின் நாள் ஒரே மாதிரி விடிவதில்லை. நாற்பது வயதில் தனியாக வாழும் நங்கைக்கும் இருபது வயதில் ஆண் உடைக்கு மாறத் தொடங்கும் திருநம்பிக்கும் (தன்னை ஆணாக உணரும் திருநர்) தேவைப்படும் பக்கங்கள் வேறு.

ஒரு வாசகரைக் கண்முன் வையுங்கள்: அவர் எங்கே இருந்து படிக்கிறார், வீட்டில் யாருக்குத் தெரியும், மாதத்தில் எவ்வளவு செலவிட முடியும். பின்னால் எந்தக் கட்டுரையை எடுப்பது, அட்டையில் எதை எழுதுவது என்று சண்டை வரும்போது இந்த ஒரு வாக்கியம்தான் தீர்ப்புச் சொல்லும்.

நான் பார்த்த குழுக்களில் அதிகம் நடக்கும் பிழை: படித்த, நகரத்து ஆண்கள் மூன்றுபேர் சேர்ந்து தொடங்கிவிட்டு, ஐந்தாவது மாதம் ‘பெண்கள் ஏன் எழுத வரவில்லை’ என்று வருந்துவது. எழுத அழைப்பதற்கு முன், முடிவெடுக்கும் மேசையில் இடம் கொடுங்கள்.

3. பெயரைத் தேடிப் பாருங்கள்

அமெரிக்காவில் 1990இல் ‘டெனூவ்’ என்ற பெயரில் நங்கையருக்கான இதழ் ஒன்று தொடங்கியது. நடிகை காத்தரீன் டெனூவ் பெயருரிமைக்காக வழக்குத் தொடுத்தார். 1996இல் இதழ் ‘கர்வ்’ என்று பெயர் மாறியது. ஆறு ஆண்டுகள் வாசகர் நாவில் பழகிய பெயரை விடுவது பெரிய இழப்பு. வணிகப் பெயர்ப் பதிவேட்டிலும், இதழ்ப் பதிவேட்டிலும், இணைய முகவரியிலும் தேடிய பிறகே இலச்சினை வரையுங்கள்.

பெயர் தேர்வில் இன்னொரு கேள்வி உண்டு: இந்தப் பெயர் ஒருவரின் வங்கிக் கணக்கு அறிக்கையில் வந்தால் வீட்டில் கேள்வி எழுமா? பொதுவான பொருள்தரும் பெயர் வாசகருக்குப் பாதுகாப்பு. உரத்த பெயர்தான் வேண்டும் என்றால், சந்தாப் பணம் வாங்கும் கணக்கை வேறு பெயரில் வையுங்கள்.

இதழ்களுக்குத் தரப்படும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்எஸ்என்னுக்கு இந்தக் கட்டத்தில் விண்ணப்பியுங்கள். எட்டு இலக்கம் கொண்டது, கடைசி இலக்கம் சில சமயம் ‘எக்ஸ்’ என்ற எழுத்தாக இருக்கும். கடைகளில் விற்கப்போகிறீர்கள் என்றால் பட்டைக்குறி (பார்கோடு) 977 என்று தொடங்கி இந்த எண்ணை உள்ளடக்கி வரும். ஐஎஸ்எஸ்என் கிடைத்தால் பெயர் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவில்லை. அது அடையாள எண் மட்டுமே.

4. சொற்பட்டியல் இல்லாமல் ஒரு வரியும் திருத்தாதீர்கள்

தமிழில் இதழ் கொண்டுவருகிறவர்களுக்கு இது தனி வேலை. வழக்கில் உள்ள சில சொற்கள் வசைகளாகவே வளர்ந்தவை, சில மருத்துவமனையிலிருந்தும் காவல் நிலையத்திலிருந்தும் வந்தவை. இரண்டு பக்கத்துக்குச் சொற்பட்டியல் தயாரித்து, எழுதுகிறவர், திருத்துகிறவர், மெய்ப்புப் பார்க்கிறவர் மூவரின் கையிலும் கொடுங்கள்.

‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல் ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் படுக்கைக்குள் சுருக்கிவிடுகிறது. தன்பாலீர்ப்பினர் என்று எழுதுங்கள். ‘பாலியல் விருப்பம்’ என்றால் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. பாலியல் ஈர்ப்பு என்பது சரி. மற்றவர்களைக் குறிக்க ‘சாதாரணமானவர்கள்’, ‘இயல்பானவர்கள்’ என்று எழுதினால் நம் வாசகரை இயல்பற்றவர் ஆக்கிவிடுகிறோம். அங்கே எதிர்பாலீர்ப்பினர் என்ற சொல் போதும். கணவன், மனைவி என்று பிரித்துச் சொல்ல வேண்டாத இடத்தில் ‘இணையர்’ அழகாகப் பொருந்துகிறது. ‘மூன்றாம் பாலினம்’ என்பதைச் சிலர் ஏற்கிறார்கள், சிலர் வெறுக்கிறார்கள். பேட்டி கொடுப்பவரையே கேளுங்கள், அவர் சொன்னதை அச்சிடுங்கள்.

தமிழ் வினைமுற்றில் பால் ஒளிந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒரு திருநங்கையின் பேட்டிக் கட்டுரை மெய்ப்புக்குப் போய்த் திரும்பி வந்தது. எழுதியவர் தொடக்கம் முதல் முடிவு வரை ‘அவர்’ என்றே எழுதியிருந்தார். மெய்ப்புப் பார்த்தவர் பள்ளிப் பருவம் வரும் மூன்று பத்திகளில் மட்டும் ‘போனான்’, ‘அழுதான்’ என்று மாற்றியிருந்தார். அந்தக் காலத்தில் பையன்தானே, இலக்கணம் சரியாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அந்த மூன்று பத்திகளைப் படித்திருந்தால் அந்தப் பெண் மறுபடி ஒரு வார்த்தை நம்மிடம் பேசியிருக்க மாட்டார். அன்றிலிருந்து பட்டியலின் முதல் வரி இதுதான்: ஒருவர் இன்று தன்னை எப்படிச் சொல்கிறாரோ அதே சுட்டுப்பெயரும் அதே வினைமுற்றும் அவருடைய குழந்தைப் பருவத்துக்கும் பொருந்தும். பழைய பெயர் வேண்டாம், அடைப்புக்குறிக்குள்ளும் வேண்டாம்.

5. நிலையான பகுதிகளை முதலில் கட்டுங்கள்

வருகிற கட்டுரைகளில் பத்தில் எட்டு துயரக் கதையாக இருக்கும். அவை உண்மையானவை, இடம் தரப்பட வேண்டியவை. ஆனாலும் வாழ்வியல் இதழை வாங்குகிறவர் தன் அடுத்த வாரத்தை எப்படி வாழ்வது என்று பார்க்கத்தான் பக்கத்தைப் புரட்டுகிறார். வாடகைக்கு வீடு கேட்கும்போது இணையரை எப்படி அறிமுகப்படுத்துவது, அகன்ற தோளுக்கு ரவிக்கையும் குறுகிய தோளுக்குச் சட்டையும் தைக்க அளவு கொடுப்பது எப்படி, இருவரும் சேர்ந்து சேமிப்பதைச் சட்டம் அங்கீகரிக்காத இடத்தில் வாரிசு ஆவணம் எழுதுவது எப்படி, அறுபது வயதுக்குப் பிறகு யார் துணை: இவைதான் வேறெங்கும் கிடைக்காத பக்கங்கள்.

ஐந்து நிலையான பகுதிகள் போதும். வீடு, உடை, உடல்நலம், பணமும் சட்டமும், உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே பொறுப்பாளர். அவரிடம் இரண்டு இதழ்களுக்கான கட்டுரை கையிருப்பில் இருந்தால்தான் முதல் இதழ் தேதியை அறிவியுங்கள். முதல் இதழிலேயே எல்லாச் சரக்கையும் இறக்கிவிட்டு இரண்டாவதுக்கு ஓடுவதுதான் புது இதழ்களை அதிகம் கொல்கிறது.

உடல்நலப் பக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு. ஹார்மோன் சிகிச்சை, எச்ஐவி தடுப்பு மாத்திரை போன்றவற்றை மருத்துவர் ஒருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியிடுங்கள். ஹார்மோன் அளவை எந்தக் காரணத்துக்காகவும் அச்சிட வேண்டாம். மருத்துவரிடம் போக வழியில்லாத ஒருவர் அந்த எண்ணை அப்படியே பின்பற்றுவார்.

6. ஒப்புதல்: ஒரே கையெழுத்து போதாது

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். ‘இதழில் வர சம்மதம்’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்து வாங்குவது எந்தப் பாதுகாப்பும் இல்லை, இருவருக்குமே. ஒருவர் முகத்துக்குச் சம்மதித்து ஊருக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். அச்சுக்குச் சரி, இணையத்துக்கு வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயர், முகம், ஊர், தொழில், குடும்ப விவரம், இணையப் பதிப்பு, அட்டைப்படம், பின்னாளில் மறுபயன்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.

இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை பேட்டிக்கு முன். இரண்டாம் முறை, பக்கம் வடிவமைக்கப்பட்ட பிறகு, தலைப்பும் படமும் படக்குறிப்புமாக அதே பக்கத்தைக் காட்டி. இதழாளர்கள் பலர் கட்டுரையை முன்கூட்டிக் காட்டுவதை ஏற்பதில்லை. அமைச்சரின் பேட்டிக்கு அந்த மரபு சரி. தன் வாழ்க்கையை நம்மிடம் ஒப்படைத்த ஒரு தனி மனிதருக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

எதுவரை பின்வாங்கலாம் என்று தேதியோடு சொல்லுங்கள். அச்சகத்தில் பிளேட் (பக்கங்கள் பதிந்த அச்சுத் தகடு) போடும் நாள் வரை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்குப் பிறகு அச்சுப் பிரதியைத் திரும்பப் பெற முடியாது, இணையப் பிரதியிலிருந்து மட்டும் எடுக்க முடியும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிளேட் போடுவதற்கு முந்தின இரவு பத்தரை மணிக்கு ஒருவர் அழைத்தார். அக்காவின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நான்கு பக்கக் கட்டுரையை எடுத்தோம். விடியும் வரை வேலை இருந்தது, ஆனால் குழப்பம் இல்லை. காரணம், ஒவ்வோர் இதழுக்கும் நான்கு பக்கத்துக்கு ஒரு மாற்றுக் கட்டுரையைத் தயாராக வைத்திருப்பது வழக்கம். நீங்களும் வையுங்கள்.

எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பேசுகிறவர் சம்மதித்துவிட்டார், ஆனால் அவர் கதையில் வரும் பழைய காதலர் சம்மதித்தாரா? அந்த ஆளின் ஊர், கல்லூரி, வேலை மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படி வரும் மூன்றாம் மனிதர்களின் அடையாளத்தை மாற்றுவது திருத்துகிறவரின் பொறுப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அடையாளம் தெரிய வெளியிட வேண்டாம்.

கையெழுத்திட்ட படிவங்கள் நல்லெண்ணத்தில் சேர்ந்துவிட்ட பெயர்ப்பட்டியல். அது தவறான கையில் சிக்கினால் இதழைவிடப் பெரிய ஆபத்து. பொதுக் கணக்கில் ஏற்றிவைக்காமல், மறைகுறியாக்கிய ஒரே இடத்தில், இரண்டே பேருக்குத் திறப்பு இருக்கும்படி வையுங்கள். எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று வழக்கறிஞரைக் கேட்டு, அந்தக் காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

7. படம் எடுப்பதும் படத்தைச் சோதிப்பதும்

முகம் தெரியாத படம் பாதுகாப்பான படம் என்று நம்பாதீர்கள். ஒருவர் தன் அறையில் நிற்கும் படம், கழுத்துக்குக் கீழே மட்டும், நல்ல ஒளி. மெய்ப்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அவர் தோளுக்குப் பின்னால் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தெரிந்தது. அடியில் கடையின் பெயர், தெரு, தொலைபேசி எண். அந்தத் தெருவில் இருக்கும் யாருக்கும் அது போதும்.

அதனால் ஒவ்வொரு படத்தையும் முழுத் திரையில் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பாருங்கள்: உடலில் குத்திய பச்சை, தழும்பு, மோதிரம், பணியிட அடையாள அட்டை, கண்ணாடியில் விழும் பிம்பம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம். படம் எடுத்தவர் அல்லாத ஒருவர் இதைச் செய்யட்டும். எடுத்தவரின் கண் ஒளியையும் நிழலையும்தான் பார்க்கும்.

கைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த நேரமும், பல சமயம் இடத்தின் ஆயத்தொலைவும் பதிந்திருக்கும். இணையத்தில் ஏற்றும் முன் அந்த விவரத்தை நீக்குங்கள். கோப்பின் பெயரையும் பாருங்கள். புனைபெயரில் வந்த கட்டுரையின் படக் கோப்புக்கு அவருடைய உண்மைப் பெயர் இருந்து, அது பக்க முகவரியிலேயே தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப் கோப்பின் ‘ஆசிரியர்’ புலத்தில் கணினி உரிமையாளரின் பெயர் பல சமயம் தானாகவே ஏறிவிடும், அதையும் வெறுமையாக்குங்கள்.

8. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

மார்ச் 31 திருநர் வெளிப்பாட்டு நாள். மே 17, உலக சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய நாள். ஜூன் பால்புதுமையரின் பெருமை (பிரைடு) மாதம். செப்டம்பர் 23 ஈரர் நாள், அக்டோபர் 26 ஊடுபாலினர் விழிப்புணர்வு நாள், நவம்பர் 20 வன்முறையில் உயிரிழந்த திருநரை நினைவுகூரும் நாள், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள். இவற்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பத்து வாரம் பின்னால் போய்க் கட்டுரை முடிவு செய்யும் தேதியைக் குறியுங்கள்.

பத்து வாரம் எதற்கு? பேட்டிக்கு ஆளைச் சம்மதிக்க வைப்பதற்கே மூன்று வாரம் பிடிக்கும். எழுதுவதும் படமும் மூன்று வாரம், திருத்தமும் வடிவமைப்பும் இரண்டு, இரண்டாம் ஒப்புதல் ஒன்று, அச்சு ஒன்று. அவசரப்பட்டால் முதலில் வெட்டுப்படுவது இரண்டாம் ஒப்புதல் வாரம்தான். அதை மட்டும் தொடாதீர்கள்.

மாத இதழாகத் தொடங்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போதும்.

9. பக்கமும் அச்சும்

நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 32 அல்லது 48 பக்கம் நல்ல தொடக்கம். வடிவமைக்கும் முன் வெற்றுத்தாளை மடித்து ஒரு டம்மி செய்து, எந்தக் கட்டுரை எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதுங்கள். படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), விளிம்பு வரை போகும் படத்துக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல்.

வானவில் நிறங்கள் புதியவர்களை ஏமாற்றும். திரையில் ஒளிரும் ஊதாவும் பச்சையும் சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு நிற அச்சு மையில் மங்கிவிடும். ஊதா சேறுபோல வரும். தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில் நிறம் தேர்ந்து, அதே தாளில் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் வானவில் வேண்டும் என்பதும் இல்லை. பையில் எடுத்துப் போக வேண்டிய வாசகருக்கு அமைதியான அட்டை நல்லது.

அச்சகத்தை நேரில் போய்ப் பாருங்கள். உள்ளடக்கத்தை முழுதாகக் காட்டி விலை கேளுங்கள். மறைத்துக் கொடுத்து, பாதி அச்சில் அவர்கள் மறுத்தால் தேதியும் பணமும் போய்விடும்.

10. பணம், விளம்பரம், அனுப்புதல்

ஜூனில் மட்டும் வரும் விளம்பரதாரரை நம்பி ஆண்டுக் கணக்கு போடாதீர்கள். ஜூன் இடம் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு இதழ்களிலும் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பாதிப்பேர் ஒப்புக்கொள்வார்கள். விளம்பரக் கட்டுரைக்கு மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாக அச்சிடுங்கள். ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் ஈர்ப்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் எவருடைய பணமும் வேண்டாம், கை எவ்வளவு நெருக்கடியில் இருந்தாலும்.

எழுதுகிறவர்களுக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். வீட்டை விட்டு வந்து பிழைப்புக்குப் போராடுகிறவரிடம் ‘சமூகத்துக்காக’ என்று இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. கொடுக்காவிட்டால் வசதியுள்ளவர்களின் குரல் மட்டுமே இதழில் மிஞ்சும்.

அஞ்சலில் அனுப்பும்போது ஒளிபுகாத, வெற்று உறை. அனுப்புநர் இடத்தில் இதழின் பெயர் இல்லாமல் முகவரி மட்டும். சந்தா முடிந்தது என்று நினைவூட்டும் குறுஞ்செய்தியில் இதழின் பொருள் தெரியும் சொல் எதுவும் கூடாது, பூட்டிய திரையிலும் செய்தி தெரியும். சந்தா படிவத்திலேயே கேளுங்கள்: ‘உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாமா, எந்த நேரத்தில், எந்தப் பெயரைச் சொல்லி?’

11. முதல் இதழ் வந்த மறுவாரம்

குழுவைக் கூட்டி, இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை சேர்ந்து படியுங்கள். ஒவ்வொரு பிழையையும் எந்தப் படியில் நுழைந்தது என்று கண்டுபிடித்து, சொற்பட்டியலிலும் சோதனைப் பட்டியலிலும் ஒரு வரி சேருங்கள்.

இதழில் வந்த ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுங்கள். கட்டுரை எப்படி என்று கேட்பதற்கு முன், வீட்டில் என்ன நடந்தது, யாராவது தொந்தரவு செய்தார்களா என்று கேளுங்கள். தொந்தரவு இருந்தால் உதவக்கூடிய வழக்கறிஞர், ஆலோசகர், ஓரிரவு தங்க இடம் ஆகியவற்றின் எண்கள் அந்த அழைப்புக்கு முன்பே உங்கள் மேசையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரு முறை அழையுங்கள். இதழ் சில சமயம் மெதுவாகத்தான் உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது.